அப்பம் சுட்ட கை

1

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிந்து, வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பங்குச் சாமியார் பக்கத்தில் வந்து நின்றார். இங்கிலாந்தில் இப்போது மூன்று நான்கு கோயிலுக்கு ஒரே சாமியார் என்று ஆகிவிட்டது. பாவம், கார் ஓட்டியே மனிதர் களைத்துப்போகிறார். நான் வேலை பார்க்கும் இடத்தில் படுக்கையில் கிடக்கும் டோரத்திக்கும் இன்னும் சிலருக்கும் வாராவாரம் வந்து நன்மை, அதாவது பூசையில் ஆண்டவரின் உடலாகத் தரும் அப்பம், கொடுக்க அவரால் முடியவில்லையாம். நீ எப்படியும் ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்குப் போகிறவள்தானே, ஈஸ்டரிலிருந்து நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடேன் என்றார். சாமியார் கையால் மட்டுமே நன்மை வாங்கிப் பழகிய நம்மூர்க்காரர்களுக்கு இது ஒரு மாதிரியாக இருக்கும். இங்கே பெண்களும் கொடுக்கிறார்கள். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை.

நான் நினைத்தேன். எனக்கு அந்த நேரத்தில் வேலை நெருக்கும், வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் விடவில்லை. ஐந்து நிமிஷ வேலைதானே என்றார். "என் கை சரியில்லை சாமி" என்று வாயில் வந்துவிட்டது. அவர் என் கையை வாங்கிப் பார்த்தார். சோப்பும் மருந்துத் தண்ணீரும் தின்று விரல் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. நல்ல களிம்பு ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் சொன்னது வெடிப்பை இல்லை. முந்தின நாள் டியூட்டியில்தான் டோரத்திக்கு வயிறு சரியில்லாமல், படுக்கையெல்லாம் எடுத்துப் போட்டு, அவளைத் துடைத்து, உடுப்பு மாற்றிவிட்டு வந்திருந்தேன். அதே கையால் நன்மையா என்று என் உடம்பே கூசியது. இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை வெட்கமாக இருந்தது. யாரைப் பார்த்து வெட்கம் என்று கேட்டால், செத்துப்போன ஒருத்தியைப் பார்த்து.

ஊரில் எல்லோரிடமும் நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். ஆபீஸ் பக்கம் என்று என் தம்பி தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். ஆஸ்பத்திரியும் இல்லை, ஆபீஸும் இல்லை. முதியோர் இல்லம். குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, செத்தால் சுத்தம் செய்து வெள்ளைத் துணி போர்த்துவது. வந்த புதிதில் ஒரு தாத்தா இறந்ததும் மேனேஜரிடம் போய் 'எக்ஸ்பையர் ஆகிவிட்டார்' என்றேன். நம்மூர் டாக்டர்கள் அப்படித்தானே சொல்வார்கள். இங்கே மருந்தும் பாலும்தான் எக்ஸ்பையர் ஆகுமாம். அந்தப் பெண் அலமாரியைத் திறந்து மருந்து டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

2

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். அந்தக் கோயிலில் இன்னமும் பூசை நடக்கிறது, சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாட்ஸப்பில் இருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் வாசலில் காயப்போட்ட மிளகாய் வெள்ளை பூத்துவிடும். நான் சொல்வது எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும்.

அம்மாயி, அதாவது என் அம்மாவைப் பெற்ற சவேரியம்மா, சிஸ்டர்மார் நடத்திய சின்ன மருந்தகத்தில் ஆயா. காலையில் அங்கே. மத்தியானத்துக்கு மேல், ஊரில் யார் வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார்களோ அங்கே. கூப்பிட்டால்தான் போவாள் என்று இல்லை. முதுகுப் புண்ணைக் கழுவி, பவுடர் போட்டு, வாழை இலையை விரித்துப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். நாற்றம் என்ற வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. 'ஒடம்புன்னா அப்புடித்தான்' என்பதோடு சரி.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பூசைக்கு வேண்டிய அப்பம் சுடுவது. மருந்தகத்தில் இருந்த வயசான வெள்ளைக்காரச் சிஸ்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது அதற்கான இரும்பை அம்மாயியிடம் கொடுத்துவிட்டுப் போனார். நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டு, இடுக்கி மாதிரி மூடும், உள்பக்கம் சிலுவை வெட்டியிருக்கும். தட்டைக் கரியில் காய்ச்சி, தேன்மெழுகு தேய்த்து, கோதுமை மாவுக் கரைசலை ஒரு கரண்டி ஊற்றி மூட வேண்டும். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. சுட்டதை ஈரத்துணிக்கு அடியில் வைத்துப் பதமாக்கி, சின்னக் குழலால் வட்டம் வட்டமாக வெட்டி எடுப்பாள். வெட்டியது போக மிஞ்சும் ஓரங்கள் தெருப் பிள்ளைகளுக்கு. கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை எல்லாம் வரிசையில் நிற்கும். ருசி ஒன்றும் இருக்காது, ஆனால் நாங்கள் அடித்துக்கொண்டு தின்போம்.

அப்பம் சுடுகிற அன்று வெளிவேலை கிடையாது. தலைக்குக் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, செபமாலை சொல்லிக்கொண்டேதான் இரும்பைத் திருப்புவாள். ஒரு அருள்நிறைந்த மரியே முடிந்தால் ஒரு அப்பம் வெந்துவிடும். கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. சுற்று வட்டாரத்துச் சின்னக் கோயில்களுக்கும் டப்பாவில் போகும். பெரம்பலூரில் வேலை பார்த்த என் அப்பா திங்கட்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். கண்டக்டர் அந்த டப்பாவுக்கு மட்டும் இடம் ஒதுக்கித் தருவார்.

கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் உண்டு. பெரிய சட்டியில் மணல் கொட்டி, மேலே தாம்பாளத்தில் தணல் போட்டுச் சுடுவாள். அதில் முதல் துண்டு படுக்கையில் கிடப்பவர்களுக்குப் போகும். நாங்கள் எரிச்சலோடு காத்துக்கொண்டிருப்போம்.

3

பொன்னுசாமி தாத்தா என்று ஒருவர். முந்திரிக் காடும் நெல் வயலும் உள்ள குடும்பம். வருஷா வருஷம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேருக்கு வண்டி கட்டிப் போகிறவர். சர்க்கரை வியாதியில் அவருக்குக் கால் அழுகிவிட்டது. மகன்கள் வாசற்படியோடு நின்றுகொண்டார்கள், மூக்கில் துண்டு. அம்மாயிதான் உள்ளே போனாள்.

ஒரு நாள் தாத்தா பெருமாள் தீர்த்தம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பெரியவன் கல்லங்குறிச்சிக்குப் போய்த் துளசியும் தீர்த்தமும் வாங்கிவந்தான். வாங்கிவந்து வாசற்படியிலேயே அம்மாயி கையில் கொடுத்துவிட்டான். அவள் உள்ளே போய் அவர் வாயில் ஊற்றினாள். அவருக்கு அது தொண்டையில் இறங்கியது. இவ்வளவுதான் நடந்தது.

எங்கள் கோயிலில் பெண்களின் மாதா சபைக்குத் தலைவிதான் பங்குப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையும். பெரிய டீச்சர் என்போம். அதே பள்ளிக்கூடத்தில்தான் என் அம்மாவும் டீச்சர், இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. பெரிய டீச்சர் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனார். பீ மூத்திரம் அள்ளுகிற கையால் சுட்ட அப்பத்தை எப்படி வாயில் வைப்பது, போதாததற்குப் பெருமாள் தீர்த்தம் வேறு ஊற்றியிருக்கிறாள், அந்த வேலைக்கென்று ஆட்கள் இருக்கும்போது இவளுக்கு என்ன என்று பேச்சு. அந்த ஆட்கள் என்று யாரைச் சொன்னார்கள், அவர்கள் கோயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுதக் கை கூசுகிறது.

சாமியார் சண்டை சச்சரவு பிடிக்காத மனிதர். அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் அம்மாவுக்கு வயசாகிவிட்டது, இனி நீங்களே சுட்டுக் கொடுங்களேன் டீச்சர் என்றார். பெரிய டீச்சர் பக்கத்தில் நின்று சிரித்தாராம். அம்மா சரி என்றுவிட்டாள். வேலை போய்விடுமோ என்ற பயம் என்று பின்னால் சொன்னாள். பயம் மட்டும் இல்லை. இரும்பு தன் கைக்கு வந்ததில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்த வாரமே நல்ல பட்டுச் சேலையை எடுத்து வெயில் காட்டினாள்.

அம்மாயி இரும்பைத் துடைத்து, துணியில் சுற்றி மகள் கையில் கொடுத்தாள். மெழுகையும் கொடுத்தாள். மறுநாளும் தாத்தா வீட்டுக்குப் போனாள்.

4

அம்மாவுக்கு அப்பம் வரவில்லை. ஒன்று ஒட்டும், இல்லையென்றால் தீயும். சரியாகச் சுட்டாலும் வெட்டும்போது நொறுங்கும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை நெருங்கிவிட்டது. அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து அப்பம் வேண்டும், வெளியூர் சனம் வேறு வரும். புதன்கிழமை காலையில் வீடெல்லாம் கருகல் நாற்றம், அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிறகு இரும்பைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த அம்மாயி வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே நானும் மாவுத் தூக்கோடு போனேன்.

கதவைச் சாத்திக்கொண்டு அம்மாயி சுட்டாள். குளித்து, வெள்ளைச் சேலை கட்டித்தான். செபமாலையோடுதான். சாயங்காலம் அம்மா பட்டுச் சேலை கட்டி, டப்பாவில் பூவேலை போட்ட துணி மூடி, கோயிலுக்குக் கொண்டுபோனாள். பெரிய டீச்சர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 'உங்க அம்மா சுட்டதவிட வெள்ளையா இருக்கு செலினு' என்றார். அம்மா சிரித்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமைப் பூசையில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, சாமியார் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்துக் காலைக் கழுவினார், துடைத்தார், முத்தம் கொடுத்தார். பிறகு அந்தக் கையாலேயே எல்லோருக்கும் நன்மை கொடுத்தார். கழுவிக்கொண்டுதான் கொடுத்தார், இல்லையென்று சொல்லவில்லை. அம்மாயியும் கழுவிக்கொண்டுதான் சுட்டாள்.

நன்மைக்கு எல்லோரும் எழுந்தார்கள். அம்மாயி எழுந்திருக்கவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு பூசையிலும் நன்மை வாங்காமல் இருந்தவளில்லை அவள். பாயில் மண்டியிட்டபடியே தலைகுனிந்து இருந்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாயா, அவளுக்கே மனசு உறுத்துகிறது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். ஊர் பார்க்க இப்படிச் செய்தால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். அம்மாயி சத்தம் போடவில்லை.

"நீ கேட்டா நான் சுட்டுத் தரேன்டி, சாகுற மட்டும் தரேன். ஆண்டவருக்குப் போறது. ஆனா நீ சுட்டதுன்னு சொல்லிக் குடுத்திருக்க. அந்தப் பொய்யோட சேத்து என்னால முழுங்க முடியாது. என்னிக்கு நீயா சொல்றியோ அன்னிக்கு வாங்கிக்கிறேன்."

"வேலை நிரந்தரமாவட்டும்மா. சொல்லிடுறேன்."

"சரி" என்றாள் அம்மாயி.

அம்மாவுக்கு வேலை நிரந்தரமானது. அம்மா சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் அக்காவின் கல்யாணம், பிறகு தம்பிக்குப் பள்ளிக்கூடச் சீட்டு. ஒவ்வொரு முறையும் சொல்லாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது. அம்மாயி வாராவாரம் கதவைச் சாத்திக்கொண்டு சுட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் சுட்டதை ஊரே போய் வாங்கியது, அவள் மட்டும் பாயில் இருந்தாள். கல்யாணப் பூசையிலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, முழங்கால் வலி என்று அம்மா சொன்னாள். அதுவும் பொய். அவளை மாதிரி மண்டியிட ஊரில் ஆள் கிடையாது.

5

என் மகள் ரீட்டா இங்கேயே பிறந்தவள். கோயிலுக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். அதற்குக்கூட நான் அவ்வளவு வருத்தப்படவில்லை. போன மாதம் அவளுடைய சிநேகிதனின் பெற்றோர் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள் ரீட்டா, 'அம்மா மருத்துவ நிர்வாகத்தில் இருக்கிறார்' என்று இங்கிலீஷில் அழகாகச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். அவர்கள் போனபிறகு கோபப்பட நினைத்தேன். எந்த முகத்தோடு கோபப்படுவது? ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் நான் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. வேலை உடுப்பை யாரும் பார்க்காமல் தனியாகத் துவைப்பவள் நான்தானே.

இந்த நாட்டில் வருஷா வருஷம் எங்களுக்குக் கை கழுவும் பரீட்சை உண்டு. சிரிக்காதீர்கள், நிஜம். கையில் ஒரு பசையைத் தடவி, கழுவச் சொல்லி, நீல விளக்கின் கீழ் காட்டச் சொல்வார்கள். கழுவாத இடம் மினுங்கும். பாஸானால் சான்றிதழ், அதை ஃபைலில் வைக்க வேண்டும், கண்காணிப்பு அதிகாரி வந்தால் காட்ட வேண்டும். நான் ஒரு வருஷமும் ஃபெயில் ஆனதில்லை. அப்படியும் சாமியார் கேட்டபோது, என் கை எனக்கே அழுக்காகத் தெரிந்தது. பெரிய டீச்சர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆனால் அவர் எனக்குள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

6

எண்பதுகளின் நடுவில் அம்மாயிக்கு வயிற்றில் கட்டி வந்தது. திருச்சி வரை கொண்டுபோய்க் காட்டினோம். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றுவிட்டார்கள். ஊரில் படுத்தவர்களுக்கெல்லாம் ஓடியவளுக்கு ஓட ஆள் இல்லை. அம்மா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். துடைக்க முதலில் அவளுக்குத் தெரியவில்லை, வாந்தி எடுத்தாள். பிறகு பழகிக்கொண்டாள். சனிக்கிழமை வந்தது. அப்பம் சுட வேறு யாரும் கிடையாது. அம்மாயியைக் கழுவி, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு, குளித்து, அடுப்பைப் பற்றவைத்து அம்மாவே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். இரும்பைத் திருப்பும்போது ஒரு முறை தன் கையையே பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

கடைசி நன்மை கொடுக்கச் சாமியார் வந்தார். பழையவர் மாறிப் போய், புதிதாக வந்த இளவயசுச் சாமியார். பெரிய டீச்சரும் மாதா சபைப் பெண்களும் செபமாலையோடு கூடவே வந்தார்கள். தலைமாட்டில் நான் மெழுகுத்திரியோடு நின்றேன். எண்ணெய் பூசினார், செபம் சொன்னார், அப்பத்தை எடுத்து நீட்டினார். அம்மாயி வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது.

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. விழுங்க முடியவில்லையோ என்று தண்ணீர் கேட்டார். பெண்கள் செபமாலையை நிறுத்திவிட்டார்கள். அம்மா கட்டில் ஓரத்துக்கு வந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

"சாமி, இத்தன வருசமா கோயிலுக்கு அப்பம் சுட்டது நான் இல்ல. இவங்கதான். நான் சுட்டதுன்னு பொய் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன்."

சாமியார் அதனால் என்ன என்பது போல எல்லோரையும் பார்த்தார். யார் சுட்டால் என்ன, இதில் என்ன பாவம் என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் இத்தனை வருஷம் சுமந்தது அவ்வளவு அற்பமான விஷயமா என்று எனக்கு அழுகை வந்தது. அப்போது பெரிய டீச்சர் பேசினார். குரல் எழும்பவே இல்லை.

"தெரியும் செலினு. பொகை இந்த வூட்டுலேருந்துதான வந்துச்சு."

தெரியுமாம். முதல் பெரிய வியாழக்கிழமையே தெரியுமாம். அன்றைக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெள்ளையாக இருக்கிறது என்றாரே, அப்போதே தெரியுமாம். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். எல்லோரும் தெரிந்தே வாங்கினார்கள், சுட்டவள் பாயில் இருந்ததையும் பார்த்துக்கொண்டே வாங்கினார்கள்.

அம்மாயி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தாள். சாமியார் பாதி அப்பத்தை உடைத்து நாக்கில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினாள். பிறகு அம்மாவைக் கிட்ட வரச்சொல்லிச் சைகை செய்தாள்.

"தணல் கூடிப்போச்சுடி. ஓரம் கருகுது பாரு."

அம்மா அவள் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் விடியும்போது அம்மாயி போய்விட்டாள்.

7

நேற்று மத்தியானம் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் இப்போது பெரம்பலூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். வீடியோவில் நெற்றி மட்டும்தான் தெரியும், போனை அப்படித்தான் பிடிப்பாள். இங்கே கூட்டிவர இரண்டு முறை விசா போட்டு, இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார்கள். அவள் திரும்பிப் போவாள் என்று நிரூபிக்க முடியவில்லையாம். அதைப் பற்றி வழக்கம்போல் கொஞ்சம் திட்டினோம்.

பிறகு, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்து, முடியாமல், ஒரேயடியாகப் போட்டு உடைத்தேன். ஆஸ்பத்திரி இல்லை அம்மா, ஆபீஸ் இல்லை, அம்மாயி பார்த்த வேலைதான் நான் பார்க்கிறேன், ஆரம்பத்திலிருந்தே அதுதான் என்றேன்.

"தெரியும்டி" என்றாள். "வீடியோல உன் கையப் பாக்குறேன்ல. எங்க அம்மா கையி மாதிரி வெடிச்சிக் கெடக்கு. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, டோரத்திக்கு நன்மை கொண்டுபோய்க் கொடுக்கச் சாமியார் கேட்டதைச் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்ததை மட்டும் சொல்லவில்லை. அம்மா ஓவென்று அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, டீச்சர் குரலில் பேச ஆரம்பித்தாள்.

"தேங்காண்ணெ வச்சிருக்கியா? இன்னிலேருந்து தடவு. நன்மை குடுக்குற கை, வெடிப்போட போவாத."

போனை வைத்துவிட்டுச் சாமியாரைக் கூப்பிட்டேன்.